வடக்கு மூலையில் தாவூத் பாய்

திருவானைக்காவல் கடைத்தெருவில் சைக்கிளைக் காற்றடிக்கக் கொடுத்துவிட்டு நின்றபோது, எங்கள் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற மாரிமுத்து வந்து சொன்னார். "ஏட்டய்யா, தாவூத் பாய் தவறிட்டாருங்க." என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "எந்தக் குதிரை தள்ளிச்சு?" என்பதுதான். மாரிமுத்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "குதிரையெல்லாம் இல்லீங்க. காலையில தொழுதுட்டு வந்து சாஞ்சு உக்காந்தாராம். அப்படியே முடிஞ்சு போச்சு." பாய் போன வருஷமே ஓய்வு பெற்றுவிட்டவர். எந்தக் குதிரை அவரை எங்கே தள்ளப்போகிறது? ஆனால் அவரைக் குதிரை இல்லாமல் நினைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. காற்றடித்தவன் காசு கேட்டதுகூடக் காதில் விழவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பாதித் தெரு போய்விட்டேன். பின்னாலேயே வந்து கேட்டான்.

நம் போலீஸ் மலரில் இதைப் படிக்கிறவர்களில் பலர் திருச்சியில் எங்களோடு போலீஸ் குதிரைப் பிரிவில் இருந்தவர்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எங்களுடையது சின்னப் பிரிவு. பத்துப் பன்னிரண்டு குதிரைகள், கன்டோன்மென்ட் பக்கம் ஒரு மைதானம், அதை ஒட்டி லாயம். திருவிழாக் கூட்டத்தை ஒழுங்கு செய்வதும், பெரிய மனிதர்கள் வந்தால் முன்னால் போவதும் எங்கள் வேலை. நானும் ஷேக் தாவூதும் ஏட்டுகள், அதாவது ஒரே ரேங்க். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவர் பட்டாளத்தில் குதிரைப்படையில் இருந்துவிட்டு வந்தவர். நான் லால்குடிப் பக்கத்து விவசாயி மகன். போலீசில் சேருகிறவரை மாட்டு வண்டியைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. அவர் எனக்குக் குருநாதர் என்று யாராவது எழுதிவிடப் போகிறார்கள் என்று பயந்தே முதலில் சொல்லிவிடுகிறேன்: ஒரு வார்த்தைகூட அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. சந்தேகம் கேட்டால், "குதிரையைக் கேளுங்க நடேசன்" என்று நகர்ந்துவிடுவார். அதில் எனக்கு அவர் மேல் நிறைய எரிச்சல் இருந்தது.

நாங்களெல்லாம் குதிரை ஓட்டுவது தூரத்திலிருந்தே தெரியும். லகானை இழுப்போம், குதிகாலால் குத்துவோம், வாயால் அதட்டுவோம். பாய் ஏறி உட்கார்ந்தால் ஒன்றுமே செய்யாமல் இருப்பதுபோல் இருக்கும். கீழே குதிரை வட்டம் போடும், எட்டுப் போடும், பக்கவாட்டிலேயே நடந்து மைதானத்தைக் குறுக்கே கடக்கும், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கும். பட்டாளத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இதற்கு டிரெஸ்ஸாஜ் என்று பெயர் சொன்னாராம். பாய் அந்தப் பெயரை அதிகம் சொல்ல மாட்டார். "லகான்ல சொல்றது கூப்பாடு. இடுப்புல சொல்றதுதான் பேச்சு" என்பார். அவர் எனக்குச் சொன்ன நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று. எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. இன்றைக்குப் புரிந்துவிட்டது என்றும் சத்தியம் செய்ய மாட்டேன்.

பிஜிலி எங்களிடம் வந்தது ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ. பந்தயக் குதிரையாக இருந்து வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பெண் குதிரை, செம்பட்டை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. யாராவது துண்டை உதறினால் மைதானத்தின் மறு கோடிக்குப் போய்விடும். ஏறிய இரண்டு பேரில் ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கியது. இன்னொருவர் அதோடு பிரிவையே மாற்றிக்கொண்டு போனார். பாய் அதைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாங்கியவர் ஏறவே இல்லை. மாதக்கணக்கில் அதன் பக்கத்தில் நடந்தார், நின்றார், அவ்வளவுதான். ஒருநாள் பார்க்கிறேன், கையில் கயிறில்லாமல் நடக்கிறார், அது கூடவே நடக்கிறது. அவர் மூச்சை விட்டு நிற்கிறார், அதுவும் நிற்கிறது. சட்டைப்பையில் வெல்லம் வைத்திருக்கிறார், அதுதான் சங்கதி என்று முடிவு கட்டிப் போய்ச் சோதனையே போட்டேன். ஒரு கைக்குட்டையும் பல் துலக்குகிற குச்சியும்தான் இருந்தன. "அப்புறம் எப்படி பாய் நிக்குது?" என்றேன். "நான் நின்னேன். அதுவும் நின்னுச்சு" என்றார். இப்படிப் பதில் சொல்கிற மனிதரோடு என்னதான் பேசுவது?

அந்த நாட்களில் சித்திரைத் திருவிழா பந்தோபஸ்துக்காக எங்கள் இரண்டு பேரையும் ஸ்ரீரங்கத்தில் போட்டிருந்தார்கள். தேருக்கு முந்தின நாள் மாலை பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் எழுந்தருளுவார். தேர் நிற்கிற வீதியில் வையாளி நடக்கும். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வாகனத்தைத் தோளில் சுமக்கிறவர்கள் நிஜக் குதிரை ஓடுவதுபோலவே முன்னால் பாய்ந்து, பின்வாங்கி, சுழன்று, சட்டென்று நிற்பார்கள். அத்தனை கனம், அத்தனை பேர், ஒருவர் கால் இன்னொருவர் காலில் படாது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் பாய் வாயைத் திறந்தபடி நிற்கிறார். கூட்டத்தைப் பார்க்க வேண்டியவர் சுமக்கிறவர்களின் தோள்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், "ஐயா, நிக்கணும்னு யாருங்க சொல்றது?" என்று கேட்டார். அவர் சிரித்தார். "யாரும் சொல்ல வேண்டாமே. தோள் சொல்லும். முன் தண்டுல இருக்கறவர் மூச்சை இழுத்தார்னா பின் தண்டுல நேக்குத் தெரிஞ்சுடும்." பாய் என் பக்கம் திரும்பி, ஏதோ வழக்கில் ஜெயித்த மாதிரி தலையாட்டினார். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அந்த மாலைக்கு டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்குப் பெருமாள் மேல் ஓர் ஈடுபாடு வந்துவிட்டது என்று நான் எனக்குள் எழுதிவைத்துக்கொண்டேன். பின்னால் நான் செய்த தப்புக்கு இந்த நினைப்பும் ஒரு காரணம்.

இரண்டு வருஷத்தில் பிஜிலி வேறு குதிரையாகிவிட்டது. அப்போதுதான் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. பிரிவைச் சின்னதாக்கப் போகிறார்கள். பெரிய அதிகாரி ஒருவர் வந்து ஒவ்வொரு குதிரையாகப் பார்ப்பார். தேறாதவை ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் யார் எடுப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும், ஜட்கா ஓட்டுகிறவர்கள்தான். ஜட்காக் குதிரை கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜங்ஷன் வாசலில் ரயில் ஊதலுக்கும் பஸ் ஹாரனுக்கும் நடுவே, பின்னால் வண்டியைக் கட்டிக்கொண்டு பிஜிலி ஒரு நாள் நிற்குமா? வண்டியோடு எங்காவது மோதிக் காலை உடைத்துக்கொள்ளும். கால் உடைந்த குதிரையை என்ன செய்வார்கள் என்பது லாயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பழக்கியவனே ஏறிக் காட்டக் கூடாது. வேறு ஆள் ஏற வேண்டும். ஒருவனுக்கு மட்டும் அடங்குகிற குதிரை பிரிவுக்கு உதவாது என்பது அவர்கள் கணக்கு, அதில் நியாயம் உண்டு. அந்த மாதம்தான் என் குதிரை வயிற்று வலியில் செத்துப்போயிருந்தது. இன்ஸ்பெக்டர் பட்டியலைப் பார்த்து, ஆளில்லாத குதிரையையும் குதிரையில்லாத ஆளையும் சேர்த்து எழுதிவிட்டார். பிஜிலிக்கு நான். பாயை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைச் சொல்லியிருப்பாரா? இந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டதில்லை. இனிமேல் கேட்கவும் முடியாது.

முதல் நாள் ஏறியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இடது பக்கம் போகலாம் என்று நினைத்தேன், லகானைத் தொடவில்லை, அது இடது பக்கம் போனது. வேகத்தைக் குறைக்கலாமா என்று யோசிக்கும்போதே குறைந்தது. அதுவரை நான் குதிரை ஓட்டியதே இல்லை, இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. இப்படியே பாதி மைதானம் போனேன். வடக்கு மூலை வந்தது. சட்டென்று பிஜிலி சிலை மாதிரி நின்றுவிட்டது. நான் அதன் கழுத்தில் போய் விழுந்தேன்.

அடுத்த சுற்றிலும் அதே மூலை, அதே நிற்றல். மறுநாளும் அப்படித்தான். மற்ற மூன்று மூலைகளில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற குதிரை, வடக்கு மூலையில் மட்டும் நட்டுவைத்ததுபோல் நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் மரங்கள் விலகி மலைக்கோட்டை முழுசாகத் தெரிகிற இடம் அது. நான் தரையில் பாம்புப் பொந்து இருக்கிறதா என்று பார்த்தேன். மாரிமுத்துவை விட்டு மண்ணைக் கிளறித் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். குதிகாலால் குத்தியும் பார்த்தேன். அது நடுங்கியதே தவிர நகரவில்லை. "பாய், உங்க குதிரைக்கு அந்த மூலையில என்ன பேயா?" என்று கத்தினேன். வேலியில் சாய்ந்து நின்ற பாய், "அது நீங்க சொன்னதைத்தான் செய்யுது நடேசன்" என்றார். "நான் ஒண்ணுமே சொல்லலையே!" என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல்தான் இருந்தது. பிறகு, "சரி, நாளைக்குப் பாப்போம்" என்று லாயத்துக்குள் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். எப்படியாவது இந்த மூலையைத் தாண்ட வைத்துவிடு, தேங்காய் உடைக்கிறேன் என்று, அந்த மூலை நெருங்க நெருங்க மனசுக்குள் முன்னைவிடப் பலமாக வேண்டிக்கொண்டேன். முன்னைவிடப் பலமாக நின்றது பிஜிலி.

பிறகு பாய் ஓர் ஏற்பாடு செய்தார். தினமும் விடிந்ததும் முதலில் அவர் பிஜிலியில் ஏறுவார். அவர் முடித்த பிறகு நான் ஏற வேண்டும். ஒருநாள் சீக்கிரமே போய்விட்டேன். அவர் மைதானத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். வடக்கு மூலை வந்தது. மலைக்கோட்டையைப் பார்த்து பாய் தலையைக் குனிந்தார். தோள் கொஞ்சம் முன்னால் வந்தது, உதடு அசைந்தது, வலது கை லகானை விட்டு எழும்பி நெஞ்சருகே போய்த் திரும்பியது. குதிரை நிற்கப் பார்த்தது. காலால் மெதுவாகத் தட்டி நடத்திப் போனார். சுற்றி வந்தார். மறுபடி அதே இடம், அதே வணக்கம். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று எண்ணினேன், பதினொரு தடவை. அவர் குனிந்து கும்பிட்டதைப் பார்த்து எனக்கு முதலில் கண் கலங்கியது. குதிரைக்காக அவரே பிள்ளையாரிடம் வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். பிறகு, சொன்னால் வெட்கம், எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பை எனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நான். அன்றைக்கே கான்டீனில், "தாவூத் பாய் நம்ம பக்கம் வந்துட்டார், தினம் காலையில பிள்ளையாருக்கு சலாம் வெச்சுட்டுத்தான் மறுவேலை" என்றேன். தலையைக் குனிந்து, தோளை வளைத்து நடித்தும் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள். மறுநாள் ஒருவர், "ஏட்டய்யா, அந்தச் சலாமை இன்னொரு தரம் காட்டுங்க" என்று கேட்டு, மறுபடியும் காட்டினேன். நான் எவ்வளவு நன்றாக நடிக்கிறேன் என்று பாராட்டினார்கள். நன்றாக வராமல் என்ன செய்யும்?

பாயிடமும் நேராகவே கேட்டேன். "என்ன பாய், பிள்ளையார்கிட்ட ரொம்ப நெருக்கமாயிட்டீங்க போல? கான்டீன் பூரா அதுதான் பேச்சு, நான்தான் சொன்னேன்." அவர் சேணத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். "அது குதிரை வேலைங்க" என்றார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. வாரை மட்டும் ஒரு துளை அதிகமாக இறுக்கி, பிறகு பிஜிலியிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி தளர்த்தினார்.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் நான் ஏறி வடக்கு மூலைக்குப் போனேன், வேண்டிக்கொண்டேன், பிஜிலி ஒரு கணம் காதைப் பின்னால் திருப்பியது, பிறகு நிற்காமல் போய்விட்டது. அடுத்த சுற்றிலும் போனது. நான் மைதானத்திலேயே "பிள்ளையாரே!" என்று கூவிவிட்டேன். அன்று மாலை மலைக்கோட்டை அடிவாரத்தில் தேங்காய் உடைத்து, ஒரு மூடியைக் கொண்டுபோய்ப் பாயிடம் நீட்டி, "உங்க வேண்டுதலும் சேர்ந்துதான் பலிச்சுது" என்றேன். அவர் ஒரு சில்லை எடுத்து மென்றுகொண்டே, "நல்ல தேங்காய்" என்றார்.

சோதனை நாளில் பெரிய அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வட்டம், எட்டு, பக்கவாட்டு நடை, நிற்பது, பின்வாங்குவது, எல்லாவற்றையும் பிஜிலி செய்தது. நான் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வடக்கு மூலையை நெருங்கும்போது பாய் எங்கே என்று பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிஜிலியைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குதிரையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு விசித்திரமாக இருந்தது. பிஜிலி மூலையைக் கடந்தது. அதிகாரி எழுந்து வந்து குதிரையின் கழுத்தைத் தட்டி, இது இங்கேயே இருக்கட்டும் என்றார். இறங்கியதும் பாய் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் நல்லாப் பேசினீங்க" என்றார்.

அடுத்த வருஷம் என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அறுபதுகளின் நடுவில்தான் திரும்பி வந்தேன். வந்த அன்று மைதானத்துக்குப் போனால் பாய் ஒரு புதுக் குதிரையில் சுற்றிக்கொண்டிருக்கிறார். வடக்கு மூலை வந்தது. தலை குனிந்தது, தோள் வளைந்தது, கை நெஞ்சருகே போய்த் திரும்பியது. அன்றைக்குச் சோதனையும் இல்லை, ஏலமும் இல்லை. அப்புறம் எதற்கு? நான் என் பழைய முடிவுக்கே போனேன், பாய்க்குப் பக்தி முற்றிவிட்டது என்று. ஆனால் அதே மனிதர் ஒரு வேளை தொழுகையையும் விட்டதில்லை, ஒரு நோன்பையும் விட்டதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. நடித்துக் காட்டுகிற வயது போயிருந்தது, பேசாமல் இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து நானும் மாரிமுத்துவும் பாலக்கரையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தோம். அழுகை நின்றதும் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றி, "பிள்ளையார் மேல அவ்வளவு மரியாதை வெச்சிருந்த மனுஷன்" என்றேன். மாரிமுத்து நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"ஏட்டய்யா, உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"அந்த மூலையில மலைக்கோட்டை கண்ணுல பட்டதும் நீங்க தலையைக் குனிவீங்க. தோளு முன்னால வரும். மூச்சை விடுவீங்க. பிஜிலிக்கு நில்லுன்னு பாய் சொல்லிக் குடுத்த சைகையே அதானுங்க. அது பாவம், நீங்க சொன்னபடி நின்னுச்சு. பாய் உங்களை மாதிரியே குனிஞ்சு குனிஞ்சு, இந்த மாதிரி குனிஞ்சா நிக்க வேண்டாம்னு அதைப் பழக்குனாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நானும் கேட்டேங்க. சொன்னா ஏட்டு அந்த மூலையில விறைச்சுக்குவாரு, குதிரை இன்னும் பயந்துக்கும், ஆளைத் திருத்துறதைவிட குதிரையைப் பழக்குறது சுளுவுன்னாரு."

"அப்ப சோதனை முடிஞ்சு இத்தனை வருஷம் கழிச்சும் எதுக்குச் செஞ்சாரு?"

மாரிமுத்து யோசித்தார். "திருச்சிக்காரன் எவனுங்க அந்த மூலையில சும்மா போவான்? வர்ற குதிரை எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கட்டும்னு இருக்கும்." அவர் சொன்னவிதத்திலேயே தெரிந்தது, இது அவராகக் கண்டுபிடித்த காரணம்.

சில நாள் கழித்து துக்கம் விசாரிக்கப் பாயின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி, கணவர் இறந்தால் தனித்திருக்க வேண்டிய இத்தா இருக்கிறார். வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. உள் அறை வாசலில் திரை தொங்கியது, பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. பாயின் மச்சான் எனக்கு டீ கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். வடக்கு மூலை விஷயம் உங்களுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றது குரல்.

"சொல்லிடுங்களேன்னு நான்தான் சொன்னேன். சாமி கும்புடுற மனுசன்கிட்டப் போயி கும்புடாதீங்கன்னு என் வாயால எப்படிம்மா சொல்றதுன்னாங்க. அப்ப நீங்க குனியறது மட்டும் சரியான்னு அவங்களைக் கேட்டேன். குனியறது என் கழுத்துதான், நான் இல்ல, அல்லாவுக்குத் தெரியும்னாங்க."

மாரிமுத்துவிடம் ஒரு காரணம், மனைவியிடம் ஒரு காரணம். எது நிஜம்? இரண்டுமா? அவரவருக்கு எது புரியுமோ அதைச் சொன்னாரா? திரைக்கு இந்தப் பக்கம் நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பிக்கொண்டிருந்தேன். குரல் நிறுத்தவில்லை.

"ஆனா அந்த ரெண்டு மாசம் ரொம்பச் சங்கடப்பட்டாங்க. யாரோ வெளியில பேச்சைக் கெளப்பி விட்டுட்டாங்க, போலீஸ்கார பாய் பிள்ளையாரைக் கும்புடுறாருன்னு. ஜும்மாவுக்குப் போன எடத்துல பெரியவங்க கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க. குதிரை வேலைன்னாங்களாம். யாரு நம்புவா? குதிரை பாஸாகுற வரைக்கும் வெவரம் சொல்ல முடியாது, சொன்னா உங்க காதுக்கு வந்துடும்னு, அதுவரைக்கும் தூரத்துல வேற பள்ளிவாசலுக்கு நடந்து போயித் தொழுதாங்க. நம்ம மகளுக்கு அப்ப ஒரு சம்பந்தம் பேசிட்டிருந்துச்சு, அது தட்டிப் போச்சு. அப்புறம் நல்ல எடம் அமைஞ்சிருச்சு, அல்லா காப்பாத்துனான். யாருங்க இப்படிச் சொன்னதுன்னு நான் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். தெரியலன்னுட்டாங்க. கடைசி வரைக்கும் தெரியலன்னுதான் சொன்னாங்க."

பாய்க்குத் தெரியும். நானே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன், நான்தான் சொன்னேன் என்று, பெருமையோடு. என் கையில் டீ ஆறிப் போயிருந்தது. அந்தக் கணம் வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. "அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா அந்த மூலையில குனிஞ்சாரே, அது எதுக்கும்மா?" என்று வேறு பக்கம் போனேன். "அது எனக்கும் தெரியலைங்க" என்றது குரல். நான் போயிட்டு வரேன் என்று எழுந்து வந்துவிட்டேன். கான்டீனில் அத்தனை பேர் முன்னால் அத்தனை சத்தமாகப் பேசியவனுக்கு, ஒரு திரைக்கு முன்னால் பேச்சு வரவில்லை.

மறுநாள் மைதானத்துக்குப் போனேன். பிஜிலி இன்னும் இருக்கிறது, வயசாகிவிட்டது, வேலை கிடையாது. அதன் மேல் ஏறவில்லை. வடக்கு மூலைக்கு நடந்தே போய் நின்று, நான் எப்படிக் குனிகிறேன் என்று பார்க்க முயன்றேன். வரவில்லை. தெரிந்துகொண்டு குனிந்தால் அது வேறு ஏதோவாக இருக்கிறது. கான்டீனில் பாயைப்போல் நடிக்கிறேன் என்று நான் காட்டியதெல்லாம் என்னையேதான் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. என் அம்மா, என் மனைவி, என் பிள்ளைகள், யாரும் சொன்னதில்லை நான் இப்படிக் குனிவேன் என்று. ஒரே ஒரு மனிதர் வேலியில் சாய்ந்து நின்று பார்த்து, எந்தத் தோள் முதலில் வருகிறது, எந்த நேரத்தில் மூச்சு போகிறது, கை எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பாடம் செய்திருக்கிறார். அவர் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை, கற்றுத்தரவும் இல்லை. ஆனாலும் அவருடையது என்று என்னிடம் ஒன்று இருக்கிறது. கோயில் வாசலில் என் தலை குனியும்போது, இதை யாரோ ஒருவர் ஒரு தடவை முழுசாகப் பார்த்திருக்கிறார் என்ற நினைப்பு. அதற்குச் சந்தோஷப்படுவதா, கூசிப் போவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் வருகிறது.

இது அச்சாகி வந்தால் அந்த வீட்டில் யாராவது ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுவார்கள். திரைக்குப் பின்னால் இருந்து கேட்கப்போகிற அம்மாவுக்கு, அன்றைக்குச் சொல்லாமல் எழுந்து வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சைக் கிளப்பியது யார் என்று பாய்க்குத் தெரியும். அது நான்தான்.